அண்டை வீட்டு ஒற்றன்

வள்ளுவர் இல்லறத்தானுக்குச் சொன்ன அறங்களில் புறங்கூறாமை ஒன்று. அரசனுக்குச் சொன்ன கடமைகளில் ஒற்றாடல் ஒன்று. முன்னது பத்தொன்பதாம் அதிகாரம். பின்னது ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். இரண்டுக்கும் இடையே நாற்பது அதிகார தூரம் இருக்கிறது. ஒற்றன் அரசனிடம் சம்பளம் வாங்குகிறவன்; பிறர் செய்தியை அறிந்து வந்து சொல்வது அவன் தொழில். இல்லறத்தானோ அண்டை வீட்டாரைப் பற்றி அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசாதிருக்கக் கடமைப்பட்டவன். இந்த நாற்பது அதிகார தூரத்தையும் ஒரே எட்டில் தாண்டி, இல்லறத்தானையே ஒற்றனாக்கிவிட்டால் என்ன நேரும்?

சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவின் நடுவே ஒரு ராஜ்யம் நாற்பது வருஷ காலம் இந்தப் பரீட்சையை நடத்திப் பார்த்தது. பரீட்சையின் விவரமெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டு, எண்ணிடப்பட்டு, அலமாரிகளில் அடுக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. அந்தத் தஸ்தாவேஜுகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோ மீட்டர் நீளம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து காஞ்சீபுரம் போய், திரும்பும் வழியில் பாதி தூரம் வந்துவிடலாம்; வழிநெடுக ஒருவர் மீது ஒருவர் எழுதிய கோள்.

யுத்தத்தில் ஹிட்லர் தோற்ற பிறகு ஜெர்மனி இரு கூறாயிற்று. ருஷ்யாவின் பிடியிலிருந்த கிழக்குப் பகுதி 1949-ம் வருஷம் அக்டோபரில் 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்ற நாமகரணத்துடன் தனி ராஜ்யமாயிற்று. ஜனநாயகம் பெயரோடு நின்றுவிட்டது. மறு வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி ராஜ்யப் பாதுகாப்புக்கென்று ஓர் இலாகா ஏற்படுத்தினார்கள். ஜனங்கள் அதைச் சுருக்கி 'ஸ்டாஸி' என்றார்கள். 'கட்சியின் கேடயமும் வாளும்' என்பது அந்த இலாகாவின் விருது வாசகம். தேசத்தின் கேடயம் அல்ல, கட்சியின் கேடயம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1957 முதல் 1989 வரை, முப்பத்திரண்டு வருஷங்கள், எரிக் மீல்கே என்பவர் அதன் மந்திரியாக இருந்தார்.

கோள் சொல்லும் வித்தையை ஸ்டாஸிதான் ஜெர்மானியருக்குக் கற்றுக் கொடுத்தது என்று நினைத்தால் அது தவறு. ஹிட்லர் காலத்து 'கெஸ்டபோ' என்ற ரகசியப் போலீஸைப் பற்றி நெடுங்காலம் ஒரு பிரமை இருந்து வந்தது. ஒவ்வொரு தெருமுனையிலும் அவர்கள் ஆள் நின்றான், ஒவ்வொரு சுவரிலும் அவர்கள் காது இருந்தது என்பதாக. உண்மையில் 1937-ல் ஆறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்குக் கெஸ்டபோ சிப்பந்திகள் சுமார் ஏழாயிரம் பேர்தான். பின் எப்படி அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது? ராபர்ட் ஜெலட்லி என்ற சரித்திராசிரியர் வூர்ஸ்பர்க் நகரத்தில் எரிபடாமல் மிஞ்சிய கெஸ்டபோ காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். யூதருடன் பழகியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்குகளில் பாதிக்கு மேல் சாதாரணப் பிரஜைகள் தாமாகவே வந்து சொன்னதிலிருந்து தொடங்கியவை! சொன்னவர்களில் ஹிட்லர் பக்தர்கள் இருந்தார்கள். அவர்களோடு கூட, மாடிப்படிச் சண்டைக்குப் பழி தீர்க்க வந்தவர்களும், வியாபாரப் போட்டிக்காரர்களும் இருந்தார்கள். 1934-ம் வருஷம் டிஸம்பரில் ஒரு சட்டம் செய்து, சர்க்காரைப் பற்றித் துடுக்காகப் பேசுவதையே குற்றமாக்கிவிட்டார்கள். அப்புறம், வேண்டாதவனை ஒழிக்கக் கத்தி எதற்கு, கம்பு எதற்கு? தபால் தலை ஒன்று போதுமே! 1943-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி ம்யூனிக் சர்வகலாசாலையில் ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் போட்ட ஹான்ஸ் ஷோல், ஸோஃபி ஷோல் என்ற அண்ணன் தங்கையைப் பிடித்துக் கொடுத்தவர் ரகசியப் போலீஸ்காரர் அல்லர். கட்டடத்தைக் கவனித்துக் கொண்டிருந்த சிப்பந்தி. நான்கே நாளில் இருவர் தலையும் போயிற்று.

கெஸ்டபோ, கோள் தானாக வரட்டும் என்று வாசலில் காத்திருந்தது. ஸ்டாஸியோ ஆளைத் தேடிப் போயிற்று. இதுதான் வித்தியாசம். தானாக வருகிறவனை ஸ்டாஸி அவ்வளவாக நம்புவதில்லை. கோபத்தில் வருகிறவன் கோபம் ஆறியதும் போய்விடுவான். ஸ்டாஸிக்கு வேண்டியது மாதா மாதம் வரும் சரக்கு. 1989-ல் அதற்குச் சம்பளச் சிப்பந்திகள் சுமார் 91,000 பேர். இவர்களைத் தவிர, வேறு வேலை பார்த்துக்கொண்டே ரகசியமாகச் செய்தி தந்த 'உத்தியோகப் பற்றற்ற சகாக்கள்' சுமார் 1,89,000 பேர் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள். தேசத்தின் ஜனத்தொகையோ 1 கோடியே 64 லட்சம். குழந்தை குட்டிகளையும் சேர்த்து எண்பத்தேழு பேருக்கு ஒருவர் என்றாகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் ஒற்றர் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

ஆள் பிடிக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் அவருக்கே தெரியாமல் அவரைப் பற்றி விசாரிப்பார்கள்: யாருடன் பழகுகிறார், எதற்கு ஆசைப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார். பிறகு ஒரு நாள் ஓர் அதிகாரி மரியாதையாக வந்து பேசுவார். மேற்கே இருக்கும் அத்தையைப் பார்த்து வர அனுமதி வேண்டுமா? பிள்ளைக்குச் சர்வகலாசாலையில் இடம் வேண்டுமா? அல்லது, போன வருஷம் நடந்த அந்தச் சிறு விவகாரம் மேலிடத்துக்குப் போகாமல் இருக்க வேண்டுமா? அநேகமாகப் பயமுறுத்தலுக்கு அவசியமே ஏற்படவில்லை. தேசத்துக்குச் செய்யும் சேவை என்று நம்பிச் சம்மதித்தவர்கள் ஏராளம். சம்மதித்தவர் தம் கைப்படவே ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்; தமக்கு ஒரு புனைபெயரையும் தாமே தேர்ந்து கொள்ள வேண்டும். (நம் எழுத்தாளர்கள் புனைபெயருக்கு எவ்வளவோ யோசிக்கிறார்கள். இவர்களும் யோசித்திருக்கிறார்கள், காவிய நாயகர் பெயர்கள் கூட அங்கே அகப்படுகின்றன.) அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை, யாரோ ஒரு வயோதிகருடைய வீட்டின் உள் அறையில் சந்திப்பு. வீடு தந்த வயோதிகரும் பட்டியலில் இருப்பவர்தான். காப்பி கிடைக்கும், பிறந்த நாளன்று ஒரு பரிசு, சில சமயம் கொஞ்சம் பணம். பெரும்பாலோருக்குக் கிடைத்த தொகை சிரிப்புக்கிடமானது. பணத்தைவிட வேறொன்று அவர்களைக் கட்டிப் போட்டது: தாம் சொல்வதை ஒருவர் இவ்வளவு சிரத்தையாகக் கேட்டு, எழுதிக் கொள்கிறாரே என்ற பெருமை! தனிமையில் வாடியவர்களுக்கு அந்த அதிகாரியே உற்ற சிநேகிதரானார்.

மறுக்க முடியாதா என்று கேட்கலாம். முடிந்தது. இதைத்தான் பின்னால் அநேகர் மறைக்கப் பார்த்தார்கள். ஸ்டாலின் உயிரோடிருந்த ஆரம்ப வருஷங்களில் மறுப்பது ஆபத்தாயிருந்திருக்கலாம். பிந்திய வருஷங்களில், மறுத்தவருக்கு உத்தியோக உயர்வு நின்றிருக்கும், பிரயாண அனுமதி போயிருக்கும். சிறைக்குப் போனவர் அரிது. தப்பிக்க வெகு எளிய வழி ஒன்றும் இருந்தது. "என்னை ஸ்டாஸிக்காரர் வந்து பார்த்தார்" என்று ஆபீஸில் நாலு பேரிடமோ, கோயில் பாதிரியாரிடமோ சொல்லிவிட்டால் போதும். ரகசியம் வெளியான ஆள் அவர்களுக்குப் பயன்பட மாட்டார்; விட்டுவிடுவார்கள். உண்மையைப் பகிரங்கமாகச் சொல்லிவிடுவதே அந்த மாபெரும் யந்திரத்துக்கு விஷமாக இருந்தது. அவ்வாறு சொன்ன ஆசிரியர்கள், தொழிலாளிகள், மாணவிகளைப் பற்றிய குறிப்புகளும் அதே அலமாரிகளில் இருக்கின்றன. "இவர் பயன்படார்" என்ற கருத்துடன் கட்டு முடிக்கப்பட்டிருக்கிறது. அதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் வேறு எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் சேராதவர்களும் முற்றும் சுத்தமாக இருந்துவிடவில்லை. அடுக்கு வீடுகள் ஒவ்வொன்றிலும் 'வீட்டுப் புத்தகம்' என்று ஒன்று இருந்தது. குடியிருப்பவர் பெயர்களும், சில நாட்களுக்கு மேல் தங்கும் விருந்தாளிகளின் பெயர்களும் அதில் ஏற வேண்டும். அதை வைத்திருப்பவருக்கு யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது தெரியும். அவரை ஒற்றர் என்று சொல்ல முடியாது. கேட்டால் சொல்லுவார், அவ்வளவே. இவ்விதம், கேட்டால் சொல்லக் கூடியவர்கள் யார் யார் என்பதற்கும் ஸ்டாஸி தனியாகச் சீட்டுகள் எழுதி வைத்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார், எந்த நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார், குப்பைத் தொட்டியில் எந்த ஊர்க் காப்பிப் பொட்டலம் கிடந்தது என்பவையெல்லாம் ராஜாங்க ரகசியங்களாயின. தபாலாபீஸ்களில் தினந்தோறும் கடிதங்கள் ஆவி பிடித்துத் திறக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டன. விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு துணியை விரித்து வைத்து, பிறகு அந்தத் துணியைக் கண்ணாடி ஜாடியில் மூடி வைப்பார்கள். வேண்டும்போது மோப்ப நாய்க்குக் காட்டுவதற்கு. ஊறுகாய் ஜாடிகளைப் போல மனித வாசனை ஜாடிகள் வரிசையாக இருந்த காட்சி, பின்னாளில் உள்ளே நுழைந்தவர்களைச் சிரிக்க வைத்ததா அழ வைத்ததா என்று சொல்லுவதற்கில்லை.

ஆனால் சிரிக்க முடியாத பகுதி இனிமேல்தான். எழுபதுகளில் கிழக்கு ஜெர்மனிக்கு உலகத்தாரிடம் நல்ல பெயர் வேண்டியிருந்தது. கண்டபடி சிறையில் போட்டால் பெயர் கெடும். எனவே 1976-ல் ஓர் ஆக்ஞை பிறந்தது. வேண்டாதவரைக் கைது செய்யாமல், அவர் வாழ்க்கையை உள்ளிருந்தே அரிக்கச் செய்வது எப்படி என்பதற்கு விதிகள் வகுத்தது அது. அவர் மீது கெட்ட பெயர் கிளப்ப வேண்டும்; உத்தியோகத்தில் காரணம் தெரியாத தோல்விகள் வரவேண்டும்; சிநேகிதர்களுக்குள் ஒருவர் மீது ஒருவர் சந்தேகப்பட வேண்டும். இதற்கெல்லாம் வெளியிலிருந்து வரும் போலீஸ்காரன் உதவ மாட்டான். வீட்டுக்குள் சாப்பிட்டுப் பழகியவனே வேண்டும்.

ரைனர் குன்ஸெ என்ற கவி கிரைட்ஸ் என்னும் சிற்றூரில் வசித்து வந்தார். 1976-ல் அவருடைய வசன நூல் ஒன்று மேற்கு ஜெர்மனியில் பிரசுரமாயிற்று. உடனே எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். மறு வருஷம் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டார். ஆட்சி கவிழ்ந்த பின் தம்மைப் பற்றிய தஸ்தாவேஜுகளைப் பார்த்தார்: 12 கட்டுகள், 3,491 தாள்கள்! அவற்றில் சிலவற்றைத் தொகுத்து 1990-ல் ஒரு புஸ்தகமாக வெளியிட்டார். தலைப்புக்கு அவர் கஷ்டப்படவில்லை; ஸ்டாஸி தமக்கு வைத்திருந்த சங்கேதப் பெயரான 'கவிதை' என்பதையே வைத்துவிட்டார். அந்தக் கட்டுகளிலே, கிரைட்ஸில் தம் வீட்டுக்கு வந்து பேசிக் கொண்டிருந்த இப்ராஹிம் பேமெ என்ற சிநேகிதரின் கைவேலையையும் கண்டார். யார் இந்தப் பேமெ? 1990-ம் வருஷம் மார்ச்சு மாதம் கிழக்கு ஜெர்மனியில் முதன் முதலாகச் சுதந்திரமான தேர்தல் நடந்தபோது சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர். பிரதம மந்திரியாகிவிடுவார் என்று பலர் எதிர்பார்த்தவர்! அதே தேர்தலில் நின்ற மற்றொரு புதுக் கட்சியின் தலைவரான வக்கீல் வோல்ஃப்காங் ஷ்னூரும் நெடுங்கால ஒற்றர் என்பது வோட்டுப் பதிவுக்குச் சில நாட்கள் முன்பு வெளியாயிற்று. சர்க்காரை எதிர்த்தவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடி வந்தவர் அவர். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது, எதிர்த் தரப்புக்குப் போய்க் கொண்டிருந்தது!

வேரா வோலன்பெர்கர் என்ற அம்மையாரின் கதை இதற்கும் மேலே போகிறது. அணு ஆயுதங்களை எதிர்த்ததற்காக 1983-ல் அவரைக் கட்சியிலிருந்து விலக்கினார்கள். 1988-ம் வருஷம் ஜனவரியில் பெர்லின் ஊர்வலம் ஒன்றின் போது கைது செய்தார்கள்; பிறகு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்த நாள் 1989 நவம்பர் 9. அன்றிரவுதான் பெர்லின் சுவர் திறந்தது. பார்லிமெண்டு அங்கத்தினருமானார். அவரைப் பற்றி நெடுங்காலமாக யாரோ 'டொனால்ட்' என்ற புனைபெயரில் எழுதி வந்திருப்பது தெரிய வந்தது. அந்தக் குறிப்புகளில் இருந்த சில விஷயங்கள் வீட்டுக்குள்ளே இருப்பவரைத் தவிர வேறு எவருக்கும் தெரிந்திருக்க முடியாதவை. டொனால்ட், அவருடைய கணவர் க்னூட் வோலன்பெர்கர்தான். இரண்டு புதல்வர்களின் தகப்பனார். விவாகம் ரத்தாயிற்று. பிற்காலத்தில், நோயுற்றிருந்த கணவர் மன்னிப்புக் கேட்டார்; மன்னித்துவிட்டதாக அம்மையார் சொன்னார். 2012-ல் அவர் காலமானார்.

1989-ம் வருஷக் கடைசியில் யந்திரம் நின்றபோது, அதை ஓட்டியவர்கள் முதலில் செய்த காரியம் காகிதங்களை அழிக்கப் புறப்பட்டதுதான். டிஸம்பர் 4-ந் தேதி எர்ஃபுர்ட் நகரத்தில் ஸ்டாஸி கட்டடத்தின் புகைபோக்கியிலிருந்து புகை வருவதைக் கண்ட சில ஸ்திரீகள் முதலில் வாசலை மறித்தார்கள். நகரத்தார் பின்னால் திரண்டார்கள். அன்றே லைப்ஸிக் முதலிய ஊர்களிலும் ஜனங்கள் உள்ளே புகுந்தார்கள். 1990 ஜனவரி 15-ந் தேதி பெர்லின் தலைமைக் காரியாலயமும் விழுந்தது.

பிறகு எழுந்த கேள்விதான் பெரிது. இந்தக் காகிதங்களை என்ன செய்வது? பூட்டி வைத்துவிடலாம், எரித்துவிடலாம் என்று மேற்கிலும் கிழக்கிலும் விவேகிகள் பலர் யோசனை சொன்னார்கள். திறந்தால் ரத்தம் ஓடும். அண்ணன் தம்பியைக் கொல்லுவான். மேலும், ஒற்றன் எழுதியதெல்லாம் உண்மையென்று யார் கண்டார்? அவர்கள் பயம் அர்த்தமற்றதல்ல. எனினும், காகிதம் யாரைப் பற்றியதோ அவருக்கே அது சொந்தம் என்று மற்றவர்கள் வாதித்தார்கள். ஜெர்மனி ஒன்று சேருவதற்கு ஒரு மாதம் முன், 1990 செப்டம்பரில், அவர்கள் பழைய காரியாலயத்துக்குள் புகுந்து உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஓவியரான பேர்பல் போலை அம்மையாரும், பாடகர் வோல்ஃப் பியர்மனும் அவர்களில் இருந்தார்கள். நம் தேசத்தார் நன்கறிந்த அந்த ஆயுதம் அங்கேயும் பலித்தது. 1991 டிஸம்பரில் சட்டம் நிறைவேறிற்று. 1992 ஜனவரி 2-ந் தேதி முதல், எவரும் தம்மைப் பற்றிய கட்டைத் தாமே படிக்கலாம், தம்மை ஒற்றறிந்தவரின் உண்மைப் பெயரையும் கேட்டறியலாம் என்றாயிற்று. முதல் வருஷத்திலேயே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. காரியாலயத்தின் முதல் தலைவராயிருந்த யோவாகிம் கௌக் என்ற பாதிரியார் பின்னால், 2012-ல், ஜெர்மனியின் ராஷ்டிரபதியானார்.

எதிர்பார்த்த ரத்தம் ஓடவில்லை. சிநேகங்கள் முறிந்தன, சிலர் உத்தியோகம் இழந்தார்கள், சிலர் ஊரை விட்டுப் போனார்கள். எத்தனையோ பேர் கட்டைப் படித்துவிட்டு, எழுதியவரின் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்கள். "தீங்காக ஒன்றும் நான் சொல்லவில்லையே" என்பது வழக்கமான பதில். வேறு சிலருக்கு எதிர்பாராத நிம்மதி கிடைத்தது: பல வருஷங்களாகத் தாம் சந்தேகித்த சிநேகிதர் குற்றமற்றவர் என்று கட்டு சொல்லிற்று. இதற்காகவாவது அதைத் திறந்தது நியாயம் என்று நமக்குப் படுகிறது. எரித்திருந்தால் அந்தச் சிநேகிதர் சாகும் வரை ஒற்றராகவே இருந்திருப்பார். ஆசையோடு மனுப் போட்டு, "தங்களைப் பற்றிக் கட்டு எதுவும் இல்லை" என்று பதில் வந்ததும் முகம் வாடியவர்களும் உண்டு! ஸ்டாஸி கூட நம்மை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்ற வருத்தம் போலும்.

ஒற்று வேலை பார்த்ததற்காக எவரும் தண்டனை பெறவில்லை. அது அந்த ராஜ்யத்தின் சட்டப்படி குற்றமல்ல. மந்திரி மீல்கே 1993-ல் சிறைத் தண்டனை பெற்றார், ஆனால் எதற்காக? 1931-ம் வருஷம், ஹிட்லர் வருவதற்கும் முன்னால், பெர்லினில் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றதில் பங்கு கொண்டதற்காக. அறுபத்திரண்டு வருஷம் பழைய வழக்கு! முப்பத்திரண்டு வருஷ மந்திரி உத்தியோகத்துக்காக எந்தக் கோர்ட்டும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. 2000-ல் அவர் இறந்தார்.

கடைசி நாட்களில் காகிதம் அரைக்கும் யந்திரங்கள் சூடேறி நின்றுபோகவே, ஸ்டாஸி சிப்பந்திகள் கைகளாலேயே தாள்களைக் கிழித்து மூட்டைகளில் திணித்திருந்தார்கள். சுமார் 16,000 மூட்டைகள் எரிபடாமல் அகப்பட்டன. 1995 முதல் ஸிர்ண்டார்ஃப் என்னும் ஊரில் சில குமாஸ்தாக்கள் மேஜை மீது துண்டுகளைப் பரப்பி, கிழிந்த ஓரத்துக்கு ஓரம், மையின் நிறத்துக்கு நிறம் பொருத்தி ஒட்டத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டு உழைப்பில் சுமார் ஐந்நூறு மூட்டைகள் முடிந்தன. யந்திர மூளையைக் கொண்டு விரைவாக ஒட்டிவிடலாம் என்று செய்த முயற்சி வெகு சில மூட்டைகளோடு நின்றுவிட்டது. 2021-ல் தஸ்தாவேஜுகள் அனைத்தும் தேசியக் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்தன. இதுவரை முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்களைத் தனி மனிதர்கள் போட்டிருக்கிறார்கள். இப்பொழுது வருகிறவர்களில், காலஞ்சென்ற தகப்பனாரைப் பற்றி அறிய விரும்பும் மக்களும் உண்டு. பதினையாயிரம் மூட்டைகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருக்கின்றன.